அடி வாங்கவும் சேர்த்தா கூலி?

கடைச் சிப்பந்திக்குச் சம்பளம் எதற்காகத் தரப்படுகிறது, தோழர்களே? காலையிலே கதவு திறக்க, மூட்டை இறக்க, அலமாரி அடுக்க, வந்தவரை வரவேற்க, கேட்டதை எடுத்துக் கொடுக்க, காசு வாங்கிக் கல்லாவிலே போட, இரவு கணக்கு முடித்துக் கதவு சாத்த! இதற்குத்தான் சம்பளம். கன்னத்திலே அறை வாங்க, காறி உமிழ்ந்த எச்சிலைத் துடைத்துக்கொள்ள, தாயைப் பழிக்கும் வசவைக் கேட்க, 'வெளியே வா, பார்த்துக் கொள்கிறேன்' என்ற மிரட்டலைச் சுமந்துகொண்டு இருட்டிலே வீடு திரும்ப - இதற்கென்று எந்த முதலாளியும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஒரு காசு எழுதியதில்லை.

எழுதவில்லை, ஆனால் வாங்குகிறார்கள்! நாள் தவறாமல் வாங்குகிறார்கள்!

எங்கே இந்தக் கொடுமை என்று கேட்பீர்கள். காட்டுமிராண்டி நாட்டிலே அல்ல. பாராளுமன்றங்களின் தாய் என்று பாராட்டப்படும் பிரிட்டனிலே! வரிசையில் நிற்பதையே ஒரு பண்பாடாக வளர்த்த நாட்டிலே! 'நன்றி' என்றும் 'மன்னிக்க' என்றும் மூச்சுக்கு மூச்சு சொல்லும் மக்களிடையே!

கணக்கைக் கேளுங்கள். நாம் போட்ட கணக்கல்ல. அந்நாட்டுக் கடை முதலாளிகளின் அமைப்பான பிரிட்டிஷ் சில்லறை வணிகக் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்கு. 2019-20இல் கடைச் சிப்பந்திகள் மீது வன்முறையும் வசவுமாக நாளொன்றுக்கு 455 நிகழ்ச்சிகள். 2022-23இல் நாளொன்றுக்கு 1,300. 2023-24இல் நாளொன்றுக்கு 2,000க்கும் மேல்! அவற்றிலே 70 நிகழ்ச்சிகளில் ஆயுதம் இருந்தது. ஆண்டுக்கு 70 அல்ல தோழர்களே, நாளொன்றுக்கு 70! நான்கே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்த பொருள் அந்நாட்டிலே இது ஒன்றாகத்தான் இருக்கும்!

ஏன் அடிக்கிறார்கள்? சிப்பந்தி செய்த குற்றம் என்ன?

முதற் காரணம், திருட்டு. எடுத்தவன் பணம் தராமல் நடக்கிறான். 'ஐயா, பணம்' என்கிறார் சிப்பந்தி. பதிலாகக் கிடைப்பது குத்து. 2023-24இல் மட்டும் 2 கோடிக்கும் மேற்பட்ட கடைத் திருட்டுகள் என்கிறது அதே அமைப்பு. அதனாலே ஏற்பட்ட இழப்பு 220 கோடி பவுண்டு. 2014இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: 200 பவுண்டும் அதற்குக் கீழும் மதிப்புள்ள கடைத் திருட்டு, கீழ் நீதிமன்றத்தோடு முடிந்துவிடும் சிறு வழக்கு என்று. திருடலாம் என்று சட்டம் சொல்லவில்லைதான். ஆனால் போலீஸ் வராது, வழக்கு நடக்காது என்ற எண்ணம் ஊரெங்கும் பரவிற்று. சட்டம் 'சிறியது' என்று சொன்னதைத் திருடன் 'சும்மா' என்று படித்துக்கொண்டான்!

இரண்டாவது காரணத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம் வழக்கின் உயிர்நாடியே அதிலேதான் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவனுக்கு மது விற்கக் கூடாது, புகையிலை விற்கக் கூடாது, கத்தி விற்கக் கூடாது - இவை பிரிட்டனின் சட்டங்கள். நல்ல சட்டங்கள், நாமும் வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்துவது யார்? சட்டம் செய்த உறுப்பினரா? கையெழுத்திட்ட அமைச்சரா? தொப்பியும் தடியும் தாங்கிய போலீஸ்காரரா? இல்லை, இல்லை! கல்லாவுக்குப் பின்னே நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்! அவள்தான் கேட்க வேண்டும்: 'உங்கள் வயதுக்கு அத்தாட்சி இருக்கிறதா?' கேட்காமல் விற்றுவிட்டாலோ, விற்ற அவளே குற்றவாளி. அவள் பெயரிலேயே தண்டம் விழும்.

பார்த்தீர்களா பொறியை! விற்றால் அரசின் அபராதம். மறுத்தால் குடிகாரனின் அடி. முன்னே முஷ்டி, பின்னே சட்டம், நடுவிலே சிப்பந்தி. அரசாங்கத்தின் வேலையை அரசாங்கச் சம்பளம் இல்லாமல், அரசாங்கச் சீருடை இல்லாமல், அரசாங்கப் பாதுகாப்பும் இல்லாமல் செய்கிறார் அவர். தன் சட்டத்தைத் தூக்கிச் சுமக்கச் சொன்ன துரைத்தனம், சுமப்பவனின் தோளைக் காக்கக் கடமைப்பட்டதா, இல்லையா? இதுதான் கேள்வி. இது ஒன்றேதான் கேள்வி!

மூன்றாவது காரணம், வெறும் எரிச்சல். கேட்ட பொருள் இல்லை, வரிசை நீளம், விலை ஏறிவிட்டது, இயந்திரம் பழுது. விலையை ஏற்றியவன் மாடியிலே இருக்கிறான், கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆளைக் குறைத்து வரிசையை நீட்டியவன் தலைமை அலுவலகத்திலே இருக்கிறான், கைக்கு எட்டுவதில்லை. எட்டும் தொலைவிலே இருப்பவர் சிப்பந்தி ஒருவர்தான். முதலாளி மீது வந்த கோபம் தொழிலாளியின் முகத்திலே இறங்குகிறது!

2020ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா கொள்ளை நோய் உலகை உலுக்கிய ஆண்டு. ஊரெல்லாம் வீட்டுக்குள், கடைச் சிப்பந்தி மட்டும் கடைக்குள். 'இவர்கள் இன்றியமையாத ஊழியர்கள்' என்றார்கள். வியாழக்கிழமை தோறும் இரவு 8 மணிக்கு வாசலிலே நின்று, மருத்துவ ஊழியர்களுக்காகவும் மற்ற இன்றியமையாத ஊழியர்களுக்காகவும் கை தட்டினார்கள். அதே ஆண்டிலேதான், 'முகக்கவசம் அணியுங்கள்', 'இடைவெளி விட்டு நில்லுங்கள்' என்று சொன்ன குற்றத்துக்காகச் சிப்பந்திகள் ஏச்சும் அடியும் வாங்கினார்கள். தட்டிய கைகள் இருந்த தெருவிலேயே ஓங்கிய கைகளும் இருந்தன!

இந்த இடத்திலே நம் தோழர் ஒருவர் கேட்கக்கூடும்: 'அடிப்பவன் யார்? அவனும் ஏழைதானே? வேலையற்றவன், போதைக்கு அடிமையானவன், பசித்தவன் - அவனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லியா ஒரு தொழிலாளர் இயக்கம் முழங்குவது?'

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்வோம். பசிக்கு மருந்து வேலை. போதைக்கு மருந்து மருத்துவம். இரண்டையும் அரசு தரவேண்டும். தராத அரசைத் தட்டிக் கேட்கவேண்டும். ஆனால் அடி வாங்குபவர் யார்? அவர் என்ன, ஆலை முதலாளியா? அவரும் குறைந்த கூலிக்காரர்தானே! அந்நாட்டுக் கடைத் தொழிலிலே பெண்களே மிகுதி. பிள்ளையைப் பள்ளியிலே விட்டுவிட்டு அரைநேர வேலைக்கு வந்த தாய்மார்கள். இலண்டனிலும் பிற ஊர்களிலும் சிறு கடைகளிலே, பெட்ரோல் நிலையங்களிலே, இரவெல்லாம் கல்லாவில் நிற்பவர்களிலே ஈழத்திலிருந்து போர்க் கொடுமையால் புலம்பெயர்ந்த நம் தமிழர்களும் உண்டு. ஏழை ஏழையை அடித்தால் ஏழ்மை ஒழியாது. ஏழைகளின் ஒற்றுமைதான் ஒழியும். அது யாருக்கு இலாபம் என்று சொல்லவும் வேண்டுமோ!

இன்னொன்றும் இருக்கிறது, சட்டத்தைவிட ஆழமாக வேர்விட்ட ஒன்று. 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்ற வேதம்! இலண்டனிலே 1909இல் ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் மாபெரும் கடை ஒன்றைத் திறந்தார். அவர் போன்ற பெருவணிகர்கள் பரப்பிய மந்திரம் அது. ஜப்பானிலே இன்னும் ஒருபடி மேலே போய், 'வாடிக்கையாளர் கடவுள்' என்றே ஒரு வழக்கு உண்டு. நம் ஊர்க் கடைச் சுவரிலும் அதைக் காண்கிறோம்.

கடவுள்! நாம் அறியாததா இது, தோழர்களே? ஒருவனைக் கடவுளாக்கினால் எதிரே நிற்பவன் அடிமையாகத்தானே ஆகவேண்டும்! கடவுள் தவறு செய்யமாட்டார். ஆகவே தவறு பூசாரியுடையது. ஆகவே பூசாரி தாங்கிக்கொள்ள வேண்டும். கல்லாப் பெட்டியின் இலாபத்துக்காக முதலாளி கட்டிய கோயில் இது. இதிலே பலியாடு சிப்பந்தி! அந்த ஜப்பானே விழித்துக்கொண்டது. டோக்கியோ மாநகர ஆட்சி 2024 அக்டோபரில் ஒரு விதி நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கும் வந்தது. வாடிக்கையாளர், ஊழியரைத் துன்புறுத்தக் கூடாது என்பது விதி. தண்டனை ஏதும் விதிக்காத விதிதான்; ஆனாலும், 'நீ கடவுள் அல்ல, மனிதன்; எதிரே நிற்பவரும் மனிதர்' என்று கடவுளுக்கே அறிவிக்கை அனுப்பிய விதி!

மறுபடி பிரிட்டனுக்கு வருவோம். அங்கே சிப்பந்தி அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்தாரா? உட்காரக்கூட இடம் இல்லாத காலம் ஒன்று இருந்தது! நாள் முழுதும் நின்று கால் வீங்கிய பெண்களுக்காக, மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போடு என்று 1899இல்தான் அங்கே சட்டம் வந்தது. வாரத்தில் அரைநாள் விடுமுறை 1911இல் வந்தது. தாமாக வந்தனவா? சங்கம் கட்டினார்கள், வந்தன. பதினான்கு வயதிலே துணிக்கடையில் பயிற்சிச் சிப்பந்தியாகச் சேர்ந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற ஏழைப் பெண், கடைச் சிப்பந்திகள் சங்கத்திலே உழைத்து உயர்ந்து, 1929இல் ராம்சே மக்டொனால்டின் தொழிற்கட்சி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார். பிரிட்டனின் முதல் பெண் காபினெட் அமைச்சர் ஒரு சீமாட்டி அல்ல. ஒரு கடைச் சிப்பந்தி!

அந்தச் சங்கமும் வேறொரு சங்கமும் 1947இல் இணைந்து உருவானதுதான், 'உஸ்டா' என்று சுருக்கி அழைக்கப்படும் கடை, வினியோகத் தொழிலாளர் சங்கம். 2002இல் அது ஓர் இயக்கம் தொடங்கிற்று: 'அச்சத்திலிருந்து விடுதலை'. அந்தச் சங்கம் செய்த வேலை என்ன தெரியுமா? கணக்கெடுத்தது! 'எத்தனை முறை அடித்தார்கள், எத்தனை முறை மிரட்டினார்கள், எத்தனை முறை நீ சொல்லாமல் விழுங்கினாய்?' என்று சிப்பந்திகளைக் கேட்டது. 'அதெல்லாம் இந்த வேலையிலே சகஜம்' என்று சொல்லிப் பழகிய வாய்களை, 'அடி எங்கள் வேலையின் பகுதி அல்ல' என்று சொல்லப் பழக்கிற்று. எண்ணாத அடிக்கு நீதி இல்லை. எண்ணியபின்தான் அது வழக்காயிற்று.

பிறகு சட்டம் கேட்டார்கள். தீயணைப்போர், மருத்துவ ஊர்தி ஊழியர் போன்றோரைத் தாக்கினால் தனிக் குற்றம் என்று ஸ்காட்லாந்து 2005லும், இங்கிலாந்தும் வேல்சும் 2018லும் சட்டம் செய்திருந்தன. 'எங்களுக்கு ஏன் இல்லை?' என்றார்கள் சிப்பந்திகள். ஸ்காட்லாந்திலே ஹியூ ஹென்றி என்ற உறுப்பினர், மக்களுக்குப் பணி செய்யும் தொழிலாளர் அனைவருக்குமாக மசோதா கொண்டுவந்தார். 2011இல் அது தோற்றது. தோற்றார்கள், துவளவில்லை. அடுத்து டேனியல் ஜான்சன் என்ற தொழிற்கட்சி உறுப்பினர், கடை நடத்திய அனுபவம் உள்ளவர், கடைச் சிப்பந்திகளுக்கென்றே ஒரு மசோதாவைக் கையில் எடுத்தார். 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆகஸ்ட் 24இல் நடைமுறைக்கு வந்தது. கடைச் சிப்பந்தியைத் தாக்கினாலோ, மிரட்டினாலோ, இழிவாக ஏசினாலோ தனிக் குற்றம். 12 மாதம் வரை சிறை. வயது கேட்டதற்காகத் தாக்கினால் குற்றம் மேலும் கடுமையானது. ஆம்! 'என் சட்டத்தைச் சுமந்ததற்காக நீ அடிபட்டாய். ஆகவே உன் பக்கம் நான் கூடுதலாக நிற்பேன்' என்று ஒரு நாடு கடைசியிலே ஒப்புக்கொண்டது!

இங்கிலாந்து என்ன செய்தது? 2019இல் கருத்துக் கேட்டது. 2020 ஜூலையில், இருக்கும் சட்டமே போதும் என்றது. போதும் என்று சொன்னவர்கள் கல்லாவிலே நின்றவர்கள் அல்லவே! சங்கம் விடவில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் போயிற்று. 2021 ஜூனில் பாராளுமன்றத்தின் உள்துறைக் குழுவே தனிச் சட்டம் தேவை என்று அறிக்கை தந்தது. 2022இல் பாதி இறங்கி வந்தார்கள்: மக்களுக்குச் சேவை செய்பவரைத் தாக்கினால் தண்டனை விதிக்கும்போது நீதிபதி அதைக் கூடுதல் கொடுமையாகக் கருத வேண்டும் என்று. 2024 ஏப்ரலில் ரிஷி சுனக்கின் கன்சர்வேடிவ் அரசு, தனிக் குற்றமாக்குவோம் என்று அறிவித்தது. ஜூலையிலே தேர்தல், ஆட்சி மாறிற்று. 2025 பிப்ரவரியில் தொழிற்கட்சி அரசு மசோதாவைப் பாராளுமன்றத்தில் வைத்தது: கடைச் சிப்பந்தியைத் தாக்குவது தனிக் குற்றம், 6 மாதம் வரை சிறை, 200 பவுண்டுச் சலுகையும் நீக்கப்படும் என்று. 2020இல் 'போதும்' என்று சொன்ன அதே கட்சியை 2024இல் 'போதாது' என்று சொல்லவைத்தது எது? இரக்கமா? இல்லை, அமைப்பு!

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. சட்டம் அடி விழுந்தபின் வருவது. அடி விழாமல் காப்பது முதலாளியின் கடமை. அந்நாட்டுப் பெரிய கடைகளிலே விலையுயர்ந்த மதுப் புட்டியின் கழுத்திலே பாதுகாப்பு வளையம் மாட்டியிருப்பார்கள். வெளியே எடுத்துச் சென்றால் மணி அலறும். புட்டியின் கழுத்துக்குக் காவல் உண்டு. அதை விற்பவரின் கழுத்துக்கு? அண்மைக் காலத்தில் சிப்பந்தியின் மார்பிலே காமிரா மாட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் இரவு 10 மணிக்கு ஒரே ஒருவரைக் கடையிலே நிறுத்திவிட்டுக் காமிராவை மட்டும் துணைக்கு வைத்தால், அது அடியைப் படம் பிடிக்கும், அடிப்பவன் கையைப் பிடிக்குமா? இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலியை மிச்சம் பிடித்துத்தானே இலாபம் காட்டுகிறார்கள்! அமெரிக்காவிலே நியூயார்க் மாநிலம் இதை உணர்ந்தது. 2025 ஜூனில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், 10 கடைச் சிப்பந்திகளுக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும் வன்முறைத் தடுப்புத் திட்டம் வகுக்கவேண்டும், சிப்பந்திகளுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அடிப்பவனுக்குத் தண்டனை, அமர்த்தியவனுக்குக் கடமை - இரண்டும் சேர்ந்தால்தான் சிப்பந்திக்குக் காப்பு.

இதையெல்லாம் இங்கே ஏன் எழுதுகிறோம்? ஏனெனில் அந்தப் பொறி இங்கேயும் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவனுக்குப் புகையிலை விற்காதே என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தராதே என்று மருந்துச் சட்டம் சொல்கிறது. மறுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? பெட்டிக்கடைப் பையன், மருந்துக்கடைச் சிப்பந்தி! அரசு ஊழியரைப் பணியிலே தடுத்துத் தாக்கினால், வாயில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டப்பட்ட பாரதிய நியாய சன்ஹிதாவில் 132ஆம் பிரிவு தனியே இருக்கிறது. மருத்துவமனை ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்க, தலைவர் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது 2008இல் தமிழ்நாடு தனிச் சட்டமே செய்தது. துணிக்கடையிலே, மளிகைக்கடையிலே நிற்கும் சிப்பந்திக்கோ பொதுச் சட்டம் மட்டும்தான் துணை.

இங்கிலாந்து 1899இல் தந்த இருக்கையை, நின்றே தேய்ந்த நம் கடைச் சிப்பந்திக்கு 2021 செப்டம்பரில் கழக அரசு சட்டமாக்கித் தந்தது. 2018இல் கேரளம் வழிகாட்டிற்று. உட்காரும் உரிமை வந்தது, மகிழ்கிறோம். அடிபடாமல் நிற்கும் உரிமை அடுத்து வரவேண்டும். மருத்துவமனைக்கு ஒரு சட்டம் செய்யத் தெரிந்த மாநிலத்துக்குக் கடைக்கு ஒரு சட்டம் செய்யத் தெரியாதா? தாக்குவோருக்குத் தனித் தண்டனை; இரவிலே தனியாக நிறுத்தாமை; அடிபட்ட நாளுக்கும் ஆறும் நாளுக்கும் முழுச் சம்பளம்; வழக்கு நடத்தும் செலவு முதலாளியுடையது - இந்த நான்கையும் கேட்போம்.

ஆனால், கேட்பதற்கு முன்னே எண்ண வேண்டும். கிளைக் கழகத் தோழர்களே, தொழிற்சங்கத் தோழர்களே! உங்கள் கடைவீதியிலே இந்த மாதம் எத்தனை சிப்பந்திகள் அடிபட்டார்கள், எத்தனை பெண்கள் அழுதுகொண்டு வீடு போனார்கள் - உங்களிடம் கணக்கு உண்டா? கடை கடையாகச் செல்லுங்கள், கேளுங்கள், குறியுங்கள். 'சகஜம் அண்ணே' என்று சொல்வார்கள். 'சகஜம் அல்ல தம்பி, குற்றம்' என்று சொல்லிக் கொடுங்கள். 'இதையெல்லாம் வெளியே சொன்னால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே' என்று அஞ்சுவார்கள். அஞ்சுபவர் பத்துப் பேர் ஒன்று சேர்ந்தால் அதற்குப் பெயர் சங்கம். சங்கத்தின் முன்னே அஞ்ச வேண்டியவர் முதலாளி!

வாங்குபவராகக் கடைக்குப் போகும்போது நமக்கும் ஒரு கடமை உண்டு. கல்லாவில் இருப்பவரை 'டேய்' என்று விளிப்பவன் நம்மிலே ஒருவனாக இருந்தால், அவன் தோளிலே போட்டிருக்கும் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு வெட்கித் தலைகுனியும். அடிக்கும் கை எவனுடையதானாலும் நம் கை அதைத் தடுக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் அடிப்பவனின் முதல் துணிச்சல்.

சுயமரியாதை என்பது மேடையிலே பேசிவிட்டு இறங்கும் சொல் அல்ல. அது கல்லாவின் இரு புறமும் நிற்கவேண்டிய நெறி. விற்பவர் விற்பது பொருளை. தம் மானத்தை அல்ல. வாங்குபவர் கொடுப்பது பொருளின் விலையை. பிறர் முகத்தின் விலையை அல்ல. கூலி உழைப்புக்கு! அடிக்கு உரிய இடம் சம்பளப் பட்டியல் அல்ல, நீதிமன்றக் கூண்டு!